ஒரு கேபிளை இடம் மாற்றினேன்

எங்கள் தீவில் கேபிள்களில் உப்பு பிடிக்கும். கடற்காற்று ஓய்வதில்லை. ஏ.சி. அறைதான் என்றாலும் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒரு மழைக்காலம் போவதற்குள் கேபிள் முனையின் தகடுகளில் பச்சை படர்ந்து, சுவிட்சில் அதற்குரிய விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கும். அப்போது நாங்கள் செய்வது ஒன்றுதான். பழைய முனையை வெட்டி எறிவோம், புதிதாக ஒன்றைப் பொருத்துவோம், பக்கத்துத் துளையில் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். யாரிடமும் சொல்வதில்லை. அந்தத் துளையைப் போர்ட் என்போம். போர்ட் பிளேரில் நெட்வொர்க் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள்தான் பார்த்துத் திகைப்பார்கள்.

பழைய சுவிட்சுகளில் இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. எந்தத் துளையில் செருகினாலும் வேலை நடக்கும். புதிய சுவிட்ச் அப்படிப்பட்டதல்ல. அந்தப் புதிய சுவிட்சையும், அதை அமைத்த பெண்ணையும், அவள்மேல் எனக்கிருந்த பொறாமையையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். பொறியியல் படித்துவிட்டு வேலைக்காகக் கப்பலேறி வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில். ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் விற்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு வந்த நாளிலிருந்து நான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காண்ட்ராக்டில் என்னை வைத்துக்கொண்டார்கள். காரணம், என்னைவிட்டால் ஆள் இல்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஹட் பேயில் கவுண்டர் நின்றுவிட்டது, மாயாபந்தரில் டிக்கெட் பாதியாக அச்சாகிறது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சோற்றில் கை வைத்துக்கொண்டே பதில் சொல்வேன். "சோத்தைத் தின்னுட்டுப் பேசுங்களேன், கப்பலு முங்கியா போச்சு?" என்று மனைவி சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பைக் கேட்பது எனக்குச் சுகமாக இருந்தது.

அந்தப் பெண் வேலைக்கு வந்து சில மாதங்களில் அந்தப் போன் ஓய்ந்துவிட்டது. முதலில் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். மனைவியை அடுத்த அறைக்குப் போய் என் எண்ணுக்கு அடிக்கச் சொன்னேன். அது நன்றாகவே அடித்தது.

அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். கோயம்புத்தூரில் படித்து, சென்னையில் பெரிய நிறுவனமொன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பிறந்தது நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவில். அவளுடைய தாத்தா இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பாவை வாலிப வயதில் ரப்பர் நடுவதற்காகக் கச்சாலுக்குக் கொண்டுவந்தார்கள். சுனாமி அலை வந்த வருடத்தில் அவளுடைய அம்மா போய்விட்டாள். மிஞ்சியவர்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தபோது அப்பாவும் வந்தார். அன்று கரையில் இறங்கியவர் பிறகு எந்தப் படகிலும் கப்பலிலும் கால் வைத்ததில்லை. துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் வீடு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றாலும் ஜீப்பில் காட்டுச் சாலை வழியாகச் சுற்றித்தான் அழைத்து வருவாள். சில வருடங்களாக அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. அதற்காகத்தான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தாள். கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறவன், வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். பகலில் பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண்மணி அப்பாவுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வாள். மாலையில் இவள் போய்விடுவாள்.

என்னை அவள் முதல் நாளே "அங்கிள்" என்றாள். மற்றவர்கள் "சார்" என்று கூப்பிட்ட இடத்தில் அந்த "அங்கிள்" எனக்குச் சுருக்கென்று தைத்தது. இங்கே வயதில் மூத்த எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்பது தெரிந்தும் தைத்தது.

அவள் செய்த தவறு என்று எதையும் என்னால் சொல்ல முடியாது. அவள் வேலையைச் சீக்கிரம் முடித்தாள். தெரியாததைத் தெரியாது என்றாள். டைப் செய்யும்போது விசைகளைப் பார்க்க மாட்டாள். நான் இன்னமும் பார்ப்பேன். டீ கொண்டுவருகிறவன் முதல் கோப்பையை அவள் மேசையில் வைக்கத் தொடங்கினான். கவுண்டரில் இருக்கும் பையன்கள் படியேறி வந்து என் மேசையைத் தாண்டிக்கொண்டு "தீதி, ஸரா தேக்கோ நா" என்று, கொஞ்சம் பார்க்கச் சொல்லி அவளிடம் நிற்பார்கள். ஒருநாள் அவள் அனுப்பிய மெயிலில் ஓர் ஆங்கில எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. அதைத் திருத்தி எல்லோருக்கும் போகும்படி பதில் அனுப்பினேன். அவள் எழுந்து வந்து, "தேங்க்ஸ் அங்கிள், என் இங்கிலீஷு கச்சால் இங்கிலீஷு" என்று சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டிலும் அவள்தான். ஒரு தடவை எங்கள் வீட்டு வைஃபையைச் சரிசெய்ய நானே வாய் தவறி அவளிடம் சொல்லப்போய், வந்து பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் மனைவி சூரை மீன் குழம்பு வைத்தால் ஒரு சின்ன டப்பாவில் தனியாக எடுத்து வைப்பாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளைக்கு ரெண்டு துண்டு வச்சிருக்கேன், மறக்காமக் குடுத்துருங்க."

"நான் என்ன தூக்குக்காரனா?"

"அவளும் மனுசிதான, ஒத்தைல கெடந்து அப்பனையும் பாத்துக்கிட்டு ஆபீசுக்கும் ஓடுதா. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு என்ன வந்தது என்பதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

ஒருமுறை பாம்பூஃப்ளாட் கவுண்டரில் வேலை இருந்தது. சாத்தம் படகுத்துறையிலிருந்து மாலைப் படகில் அவளோடு நானும் போனேன். படகு கரையை நெருங்கும்போது, படகுத்துறை ஜெட்டியின் முனையில், வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லியான கிழவர் ஒருவர் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் அப்பா. அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் படகிலிருந்து இறங்கிய அத்தனை கூட்டத்திலும் அவர் கண் அவளிடம்தான் போனது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"லேட்டு," என்றார்.

"அதே போட்தான்ப்பா. தெனமும் லேட்டுங்கிறீங்க."

"நேத்து சீக்கிரம் வந்துச்சு."

இருவரும் பேசிக்கொண்டே மேட்டில் ஏறிப்போனார்கள். எந்த ஜெட்டியிலும் எனக்காக யாரும் நின்றதில்லை. என் மகன் பெங்களூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். நான் கவுண்டர் வேலையை மறந்து அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகுதான் புதிய சுவிட்ச் வந்தது. டிக்கெட் விற்பனை முழுவதையும் புதிய சர்வர்களுக்கு மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. சர்வர்கள் மூன்று. முன்னால் நின்று, வரும் வேலையை மூன்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அந்த லோட் பேலன்சர் சுவிட்ச். திறப்பு நாளன்று மேலிடத்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து முதல் டிக்கெட்டை வாங்குவதாக ஏற்பாடு. பொறுப்பை எங்கள் தலைமை அதிகாரி அவளிடம் கொடுத்தார். அவர் திருச்சிக்காரர், டெபுடேஷனில் வந்தவர்.

அதே சமயத்தில் காம்ப்பெல் பேயில் ஓர் இடம் காலியாக இருந்தது. தெற்குக் கோடியில், நாள்கணக்கில் கப்பலில் போக வேண்டிய ஊர். அங்கே போக யாருக்கும் விருப்பமில்லை. என் முன்னிலையிலேயே அதிகாரி அவளிடம் சொன்னார். "இது நல்லபடியா நடந்துருச்சுன்னா, இவங்க எனக்கு ஹெட் ஆபீஸ்ல வேணும்னு எழுதி உங்களை இங்கயே நிறுத்திக்குவேன். சொதப்புச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஜூனியர் நீங்கதான்."

வெளியே வந்ததும் அவள் என்னிடம், "அங்கிள், அப்பா கப்பல் ஏற மாட்டாரு. நான் போனேன்னா அவரு இங்க, நான் அங்க. அவருக்கு என் மூஞ்சி ஒண்ணுதான் இன்னும் மறக்காம இருக்கு," என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மாலைப் படகில் வீடு போய்ச் சேரும் தூரத்தில் ஒரு வேலை. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

சுவிட்சை அமைத்த நாட்களில் மதியச் சாப்பாட்டின்போது அவள் எனக்கு அதை விளக்கினாள். நான் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் சொல்லாமல் செய்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள்.

"வெளியூர் கவுண்டர்ல இருந்து வர்றதெல்லாம் தொந்தரவே இல்ல அங்கிள். அதுக்குப் பதில் திரும்பிப் போகணும்னா சுவிட்ச் வழியாத்தான் போயாகணும். பிரச்சினை நம்ம கீழ் மாடிதான். கீழ இருக்கிற கவுண்டரும் மேல இருக்கிற சர்வரும் ஒரே நெட்வொர்க்."

"அதனால என்ன?"

"கேன்டீன்ல கல்லால இருக்கிறவர்கிட்ட டீ சொல்றீங்க. பின்னாடி கதவு வழியா யாரோ ஒருத்தன், மூஞ்சியே தெரியாதவன், நேரா வந்து டீய நீட்டுறான். வாங்குவீங்களா?"

"வாங்கிருவேன்."

"நீங்க வாங்குவீங்க. கம்ப்யூட்டர் வாங்காது. நான் சுவிட்ச்சைத்தானே கேட்டேன், நீ யாருன்னு தூக்கிப் போட்டுரும். கவுண்டர் அப்படியே முழிச்சிட்டு நிக்கும்." மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "அதுக்குத்தான் ப்ராக்ஸி ஐ.பி. கேட்டவன் அட்ரஸை எடுத்துட்டு சுவிட்ச் தன்னோட அட்ரஸை வச்சு சர்வருக்கு அனுப்பும். சர்வர் பதிலை சுவிட்ச்சுக்கே தரும். சுவிட்ச் வாங்கி கேட்டவனுக்குத் தரும். ஆனா இந்த டப்பா ரொம்ப நக்ரா, அடம் புடிக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி ப்ராக்ஸி வேணுமாம். ஒண்ணுக்குக் குடுத்ததை இன்னொண்ணுக்குக் குடுத்தா லடாய்."

"எல்லாத்துக்கும் குடுத்துட்டியா?"

"அவ்ளோ அட்ரஸு நம்மகிட்ட எங்க இருக்கு? கேபிள் சொருகியிருக்கிற போர்ட்டுக்கு மட்டும்தான். காலியா இருக்கிறதை காலியாவே விட்டுட்டேன். ஆன்ட்டி புளி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்காங்க, சூப்பரா இருக்கு."

எனக்கு முழுவதும் புரிந்தது. நன்றாகச் சொன்னாள் என்பதும் புரிந்தது, அதுதான் வலித்தது. நான் இத்தனை காலமும் இந்தத் துறையில் இருந்துவிட்டு இப்படி ஒரு கேன்டீனை வைத்து யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. தெரிந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

திறப்பு நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில் எல்லாக் கவுண்டர்களிலிருந்தும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் ஓடியது. அவள் மாலைப் படகைப் பிடிக்கக் கிளம்பினாள். ஏ.சி.யைப் பார்த்துவிட்டுப் பூட்டுவதற்காக நான் சர்வர் அறைக்குள் போனேன். சுவிட்சில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கீழ் மாடிக் கவுண்டர்களிலிருந்து வரும் கேபிள். உருவிப் பார்த்தேன். பச்சை. மறுநாள் விழா நடக்கும்போது இது நின்றுபோனால் அசிங்கம். முனையை வெட்டினேன், புது முனை போட்டேன், பக்கத்துத் துளையில் செருகினேன். விளக்கு நிலையாக எரிந்தது. அதுவரை அது கையின் பழக்கம்தான். அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. அந்தத் துளைக்கு ப்ராக்ஸி கொடுக்கப்படவில்லை. கவுண்டர் மூடியாகிவிட்டது. இனி நாளை அந்த அதிகாரி முன்னால் திறக்கும்போதுதான் தெரியவரும்.

போனைக் கையில் எடுத்தேன். அவள் அப்போது படகில் இருந்திருப்பாள். அல்லது திரும்பி மேலே போய் நானே சரிசெய்திருக்கலாம், சாவி என் பையிலேயே இருந்தது. நின்றேன். நாளைக்கு அவள் விழிப்பதை நினைத்துப் பார்த்தேன். கீழேயிருந்து யாராவது "சாரைக் கூப்பிடுங்க" என்று சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன். அது காதில் கேட்டது போலவே இருந்தது. டெய்ரி ஃபார்ம் பஸ் வந்தது. ஏறினேன்.

வீட்டில் மனைவி, "எல்லாம் ரெடியாயிட்டா?" என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன். மனம் உறுத்தித் தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கீழ் மாடியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் திறந்திருந்தார்கள். சாமந்தி மாலை, பூங்கொத்து, போட்டோ எடுப்பவர். அதிகாரி முதல் கவுண்டரில் தன் பெயரைச் சொன்னார். கவுண்டர் பெண் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த கவுண்டரிலும் அதுவே. பின்னாலிருந்து ஒரு குரல், "அரே பாய், புராணா வாலா ஹீ சாலு கர் தோ!" என்று பழையதையே ஓட்டச் சொன்னது. வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

அவள் மேலே ஓடினாள். நான் நிதானமாகப் படியேறினேன். பாம்பூஃப்ளாட்டில் டிக்கெட் அச்சாகிக்கொண்டிருந்தது. ஹட் பேயிலும் சரி. மொபைலிலும் மக்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காலுக்குக் கீழே இருந்த கவுண்டர்கள் மட்டும் செத்துக் கிடந்தன. அவள் சர்வர்களைப் பார்த்தாள், ப்ராக்ஸிகளைப் பார்த்தாள். கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கொடுத்திருந்தாள். கேபிள் இடம் மாறியிருக்கும் என்று ஏன் நினைக்கப்போகிறாள்? சுவிட்ச் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டே தட்டினாள். நெற்றியில் வியர்வை. நான் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கூடவே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

கடைசியில் அதிகாரி உள்ளே வந்தார். "சார், நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். "நகரும்மா," என்றேன். அவள் எழுந்து இடம் கொடுத்தாள், பின்னால் நின்றுகொண்டாள். திரையில் நான் நேராக, கேபிளை மாற்றிச் செருகியிருந்த ஏழாவது போர்ட்டுக்குப் போனேன். ஆறாவதில் இருந்த ப்ராக்ஸி முகவரியை எடுத்தேன், அதை ஏழாவதுக்குக் கொடுத்தேன். அப்ளை. சேவ். விசைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன். கீழேயிருந்து "ஆ கயா, ஆ கயா!" என்ற கூச்சல் படியேறி வந்தது. அதிகாரி என் தோளைத் தட்டினார். கவுண்டர் பையன்கள் கைதட்டினார்கள். டீக்காரன் முதல் கோப்பையை என் முன்னால் வைத்தான்.

அவள், "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள். முகத்தில் எதையோ புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. நான் குனிந்து டீயைக் குடித்தேன்.

பிற்பகலில் அதிகாரி இருவரையும் கூப்பிட்டு எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "என் தப்புதான் சார். காலியா இருக்கிற போர்ட்டுக்கும் குடுத்திருக்கணும். நம்ம ஊர்ல கேபிள் இடம் மாறும்னு தெரிஞ்சும் விட்டுட்டேன்." யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? இன்றும் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் அவர் அறைக்கு நானே போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க. மானத்தக் காப்பாத்தினீங்க. உங்க காண்ட்ராக்டை நீட்டிக்க எழுதியாச்சு." பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். மேலிடத்தில் அன்றைய சங்கதி பேச்சாகிவிட்டது, யாரையாவது நகர்த்தியதாகக் காட்ட வேண்டியிருக்கிறது, அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்றார். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் காம்ப்பெல் பேக்குக் கிளம்பிய அன்று என் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தாள். வழியெல்லாம் என்னைத் திட்டினாள். "இத்தன வருசம் ஆபீசுல குப்பை கொட்டியிருக்கீயோ, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்த முடியலையா ஒங்களால?" அந்தப் பெண் பெட்டியோடு நின்றிருந்தாள். அப்பாவை அழைத்து வரவில்லை. கப்பலைப் பார்த்தால் அவர் உடம்பு நடுங்கும் என்றாள்.

"அங்கிள், எப்பவாவது பாம்பூஃப்ளாட் போனீங்கன்னா அப்பாவை ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. நான் வராதது அவருக்குப் புரியாது. ஜெட்டில நின்னுட்டே இருப்பாரு. பக்கத்து வீட்டுப் பெங்காலிக் காக்கி வந்து கூப்பிட்டாலும் போக மாட்டாரு."

போவதாகச் சொன்னேன். சில வாரங்கள் போகவில்லை. பிறகு ஒரு மாலை சாத்தமில் படகேறினேன்.

அவர் அதே இடத்தில் நின்றார். எல்லோரும் இறங்கிப்போகும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக நான் இறங்கினேன். என்னைத் தாண்டி, காலியான படகைப் பார்த்தார்.

"புள்ள வரல," என்றார் என்னிடம், யாரோ வழிப்போக்கனிடம் சொல்வது போல.

"வேலை இருக்கு. அடுத்த வாரம் வரும்."

"அடுத்த போட்டுல வருமா?"

பக்கத்து வீட்டுப் பெண்மணி மேட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். மெல்லிய கை, உள்ளங்கை மட்டும் ரப்பர் பால் எடுத்த காலத்துக் கரடுமுரடு. கடைசிப் படகுக்கு முந்தைய படகுவரை அவரோடு நின்றேன். பிறகு வந்தார். நான் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் சாப்பிட்டதைப் பார்த்தேன். வெளியே வந்து, மேட்டடியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்தக் கேபிளை மாத்துனது நான்தான்."

"ஹாங், தெரியும் அங்கிள்."

"தெரியுமா?"

"என் சேர்ல உக்காந்து நேரா ஏழாவது போர்ட்டுக்குப் போனீங்கள்ல. எந்த லைட் எரியுதுன்னு ஒரு வாட்டி கூட எட்டிப் பாக்கல. அப்பவே புரிஞ்சிருச்சு. உப்பு புடிச்சிருக்கும், மாத்தியிருப்பீங்க. எல்லாரும் பண்றதுதானே, நானும்தான் பண்ணியிருக்கேன்."

"அப்ப ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

"உங்க காண்ட்ராக்ட் அந்த மாசம் முடியுதுன்னு ஆன்ட்டி சொல்லியிருந்தாங்க. உங்க பேரு அடிபட்டா அத்தோட அனுப்பிருவாங்க. எனக்கு என்ன, ஒரு மணி நேரத்துல சரியாயிருச்சே, இதுக்குப் போயா மாத்துவாங்கன்னு நெனச்சேன். மாத்திட்டாங்க. விடுங்க. நீங்க மறந்துட்டீங்க, கடைசில ஞாபகம் வந்துச்சு, அவ்ளோதானே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் எனக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

"மறக்கலம்மா. மொத நாள் சாயங்காலமே ஞாபகம் வந்துருச்சு. பஸ் ஸ்டாப்புல. போன் கையிலதான் இருந்துச்சு."

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அது கடலா, சிக்னலா என்று தெரியவில்லை.

"ஏன் அங்கிள்?"

"எல்லாரும் ஒன்னையே கூப்புட்டாங்க."

அதைச் சொன்ன பிறகுதான், எவ்வளவு சின்ன காரணம் என்று எனக்கே கேட்டது. எதிரே மேட்டில் அவர்கள் வீட்டு விளக்கு எரிந்தது. பிறகு, "அப்பா சாப்பிட்டாரா?" என்றாள்.

"சாப்பிட்டாரு. ரெண்டு சப்பாத்தி, பருப்பு."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரியிடம் போனேன். இந்த முறை பிஸ்கட் எடுக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களே சார். நான் மேல என்னன்னு எழுதுவேன்?" என்று தலையில் கைவைத்தார். நான் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்றேன். காண்ட்ராக்டையும் விட்டேன். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். அவளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள், மழை முடியட்டும் என்கிறார்கள். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னிடம் பேசுகிறாள், ஆனால் மீன் டப்பாவை இப்போது அந்தக் கிழவருக்காகக் கட்டித் தருகிறாள், "நீங்க திங்கண்டாம், அவருக்குக் குடுங்க" என்ற கண்டிப்போடு.

காம்ப்பெல் பேயிலிருந்து அவள் எனக்குப் போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுக்கிறாள். அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, அவ்வளவு கேட்பாள். நான் சொல்வேன். வைத்துவிடுவாள்.

மழை இல்லாத மாலைகளில் நான் படகேறிப் போகிறேன். என்னை அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

"நீங்க யாரு?"

"உங்க பொண்ணோட ஆபீசுல வேலை பாத்தவன்."

உடனே முகம் மலரும். "அப்படியா? எம்புள்ளைய தெரியுமா? கெட்டிக்காரிங்க அவ. எந்த மெஷின் நின்னாலும் அவளத்தான் கூப்புடுவாங்களாம்."

பிறகு படகு வரும்வரை அவளைப் பற்றித்தான் பேச்சு. கச்சாலில் அவள் முதல் பரிசு வாங்கியது, ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டியது, கோயம்புத்தூரில் படிக்கக் கப்பலேறும்போது அழாதது. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வார். எனக்கு இன்னமும் உள்ளே எங்கோ சுருக்கென்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. முன்பு போலவே சுருக்கென்கிறது. ஆனால் நான் எழுந்து போவதில்லை.

"நெசமாவே கெட்டிக்காரியா?" என்று நேற்று என்னைத் திருப்பிக் கேட்டார், சந்தேகம் வந்தவர் போல.

"ஆமா. என்னைவிடக் கெட்டிக்காரி," என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டார். சாத்தமிலிருந்து படகு கிளம்பியிருந்தது.